ஜாயிண்ட் அடைப்பவள்

மாம்பழக்கூழ் கம்பெனிக்காரர் வீடு,
கிருஷ்ணகிரியில் இராயக்கோட்டை ரோட்டு மேல்.
மாடிக் குளியலறைக்கென்று
பெங்களூரிலிருந்து தெர்மாகோல் சுற்றி வந்திறங்கின
இருபத்து நான்கு டைல்ஸ்.
பின்பக்கம் பென்சிலில் எண் போட்டிருந்தது.
பதினேழும் பதினெட்டும் இடம் மாறிப்போய்
முழங்கைக்குப் பக்கத்தில் முதலில் ஒரு மரம் முளைத்தது.
திம்மராய மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு
பெயர்த்து ஒட்டினார்.

யாரோ பிரெஞ்சுக்காரன் வரைந்ததாம்,
நூறு வருசத்துக்கு மேலே ஆகிறதாம்.
ஓடையில் ஒரு பெண் குளிக்கிறாள்.
"கொஞ்சம் தள்ளி நின்னு பாரும்மா, அப்பத்தான் தெரியும்"
என்றார் வீட்டுக்காரர்.
தள்ளி நிற்க எனக்குக் கூலி இல்லை.

என் வேலை இடுக்கில்.
வெள்ளைச் சிமெண்டைத் தயிராகக் குழைத்து
டைலுக்கும் டைலுக்கும் நடுவே விரலால் இழுப்பது.
ஒரு சாண் தூரத்தில் அவள் பெண்ணே இல்லை.
தோள் என்று காட்டிய இடத்தில்
கொஞ்சம் ரோஸ், கொஞ்சம் பச்சை,
காய்ந்த மஞ்சளாய் ஒரு தீற்று.
தண்ணீர் எங்கே முடிகிறது
இடுப்பு எங்கே தொடங்குகிறது
கோடு போட மறந்துவிட்டிருக்கிறான்.
கோடு நான்தான் போட்டேன்,
மூன்று மில்லிமீட்டர் அகலத்தில்,
முதுகின் குறுக்கே.

மேஸ்திரி டீக்குப் போனபின்
வாசல்வரை பின்வாங்கிப் பார்த்தேன்.
இருந்தாள்.
வெயில் இலைகளில் சலித்து விழ
தலைமுடியைத் தூக்கிப் பிடித்தபடி.
எனக்குப் பிடிபடாதது அவள் கழுத்து.
அது திரும்பியே இல்லை.

காவேரிப்பட்டணத்தில் தென்பெண்ணை ஓரம்
பதினாறு வயசுவரை குளித்தவள் நான்.
பாவாடையை மார்புக்கு ஏற்றி
முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.
முங்கும்போதும் ஒரு காது கரையில் இருக்கும்.
பைக் சத்தம். பீடி நெருப்பு.
ஆடு மேய்க்கிறேன் என்று
ஆடே இல்லாமல் நிற்கிற ஒருத்தன்.
ஆறு என்ன நிறம் என்று கேட்டால்
கரையின் நிறத்தைத்தான் சொல்வேன்.

இவள் கரையைப் பார்க்கவில்லை.
பிரஷ்ஷோடு நின்றவன் எங்கே நின்றிருப்பான்?
கணக்குப் போட்டால்
என் காலடியில், இதே வாசற்படியில்.
சட்டென்று நகர்ந்துகொண்டேன்.
அப்புறம் சிரிப்பு வந்தது.

சிமெண்ட் இறுகுமுன் துடைக்க வேண்டும்.
பெயிண்ட் டப்பா வாளி, பாதி ஸ்பாஞ்சு.
நெற்றியில் அப்பியிருந்ததை முதலில்.
பிறகு தோள், அக்குள், முதுகின் பள்ளம்.
சாம்பல் நீர் அவள் ஓடையில் வழிந்து
என் கால்விரலிடையே வந்து நின்றது.
இத்தனை வருசம் நிறத்திலேயே நனைந்தவளுக்கு
இதுதான் முதல் தண்ணீராக இருக்கும்.
போர்வெல் தண்ணீர், உப்பு,
பொறுத்துக்கோ என்றேன்.

கிளம்புமுன் கதவைச் சாத்தி
புதுத் தாழ்ப்பாளை ஒருமுறை போட்டுப் பார்த்தேன்.
வெண்ணெய் மாதிரிப் போய் உட்கார்ந்தது.
உள்ளே நாங்கள் இருவர்.
கொஞ்ச நேரம் எடுக்கத் தோன்றவில்லை.

ஆறேகால் டவுன் பஸ்.
எங்கள் வீட்டில் குளிக்கிற இடம்
ஒரு பக்கம் சுவர், மூன்று பக்கம் ஃபிளெக்ஸ்.
யாரோ கல்யாணத்துக்குக் கட்டியது.
மாப்பிள்ளை, பெண், கீழே வரிசையாக
கூலிங்கிளாஸ் போட்ட நண்பர்கள் பதினொரு பேர்.
முகங்களை வெளிப்பக்கம் திருப்பிக் கட்டியிருக்கிறேன்.
இன்றைக்குச் செம்பைக் கீழே வைத்துவிட்டுக்
கிட்டப் போய்ப் பார்த்தேன்.
அந்தப் பக்கமிருந்து தெருவிளக்கு அடிக்க
எல்லா முகமும் புள்ளி புள்ளியாய்
நீலம், சிவப்பு, மஞ்சள்.
யாருக்கும் கண் இல்லை.

விரலிடுக்கில் காய்ந்த சிமெண்டோடு
முடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
முதல் செம்பைக்
கழுத்தில் ஊற்றினேன்.